நிறமும் உப்பும்: நொய்யல் சாயக்கழிவு பற்றிய தமிழ்ச் சொல்லாடல் குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் கழிவுநீர் நொய்யலாற்றைக் கெடுத்த வரலாறு தமிழ்ச் சூழலியல் எழுத்தில் பெரும்பாலும் நிறத்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. நொய்யல் பாசனத்தின் முதன்மையான இழப்புக்குக் காரணம் நிறமன்று, உப்பு என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. இவ்வேறுபாட்டைக் கவனியாமையால் சட்டத்தின் அளவீட்டு மொழியும் திணைவழித் திறனாய்வும் எவ்வாறு இடறுகின்றன என்பதையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நொய்யல், சாயக்கழிவு, உப்பு, களர், சூழலியல் திறனாய்வு, திணை

நிறம் என்னும் சான்று

நொய்யலைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி எதிர்ப்படும் காட்சி ஒன்று உண்டு. ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடும். செய்தியாளர் அதைப் படமெடுப்பார். கவிஞர் அதை உவமையாக்குவார். ஆய்வாளர் அவ்வுவமையை மேற்கோள் காட்டுவார். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் ஓர் ஆறு, பேரூர்ப் புராணத்தில் காஞ்சி மாநதியாகப் போற்றப்பட்ட ஆறு, இவ்வாறு நிறங்களின் பெயரால் அறியப்படுவதாயிற்று.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நிறம் கண்முன் நிற்கும் சான்று. பட்டறையின் குழாய்க்கும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவ அதைவிட எளிய சாட்சி இல்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ என்னும் நாவல் தலைப்பு இதன் கூர்மையான வடிவம் எனலாம். ‘திரை’ என்னும் சொல் அலையையும் குறிக்கும், மறைக்கும் சீலையையும் குறிக்கும். சாயத்தின் அலை, சாயத்தாலான திரை என்னும் இரு பொருளும் ஒரே தொகைச்சொல்லில் கிடைக்கின்றன. ஏற்றுமதிச் செழிப்பின் பின்னே மறைந்திருப்பது எது என்னும் வினாவைத் தலைப்பே எழுப்பிவிடுகிறது. ஆனால் அத்தலைப்பை எடுத்தாளும் திறனாய்வுகள் பலவும் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. சாயம் அலையாக வருவதைக் காண்கின்றன. சாயமே திரையாக நின்று வேறொன்றை மறைக்கக்கூடும் என்பதைக் காண்பதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் பொருளைப் பின்தொடர்கிறது. மறைக்கப்படும் பொருளுக்கு நிறமில்லை. அது உப்பு.

தமிழ் வழக்கிலேயே இதற்கு ஒரு பின்னணி உண்டு. ஒருவரது போலித்தனம் வெளிப்பட்டால் ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம். போகிற சாயம் பொய், போகாத சாயம் மெய் என்னும் மதிப்பீடு அதில் உறைந்துள்ளது. கடைக்காரர் ‘சாயம் போகாது’ என்று உறுதி சொல்வதும், வாங்குபவர் அதை நற்பண்பாகக் கொள்வதும் இம்மதிப்பீட்டின் தொடர்ச்சியே. பருத்தித் துணியில் சாயம் போகாமல் நிற்க எது பட்டறையை விட்டுப் போகவேண்டியிருக்கிறது என்னும் கேள்வி அவ்வழக்கில் இடம்பெறுவதில்லை.

உப்பின் வழி

பின்னலாடைப் பட்டறைகளில் பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படுவது ரியாக்டிவ் வகைச் சாயம். 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் இவ்வகையை முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்தது. இழையின் மூலக்கூறோடு வேதிப்பிணைப்புக் கொள்வதே இதன் சிறப்பு. துவைத்தாலும் எளிதில் போகாத நிறம் இதனால் கிடைக்கிறது. ஆனால் நீரில் நனைந்த பருத்தியிழை எதிர்மின் தன்மை கொள்ளும். கரைந்த சாயமும் எதிர்மின் தன்மையுடையதே. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்வது உப்பு. சாதாரண உப்போ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ தொட்டியில் இடப்படுகிறது. அதன்பின் சோடா ஆஷ் சேர்க்கும்போது சாயம் இழையைப் பற்றிக்கொள்கிறது.

இங்கே அளவு முதன்மையானது. ஆழ்ந்த கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் அளவில் உப்பு இடுவது வழக்கம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்னும் விகிதத்தில் இயங்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தைக் கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 640 கிராம் உப்பு ஆகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்புப் பனியன் சட்டைக்கு ஏறக்குறைய 130 கிராம். பழைய வின்ச் இயந்திரங்கள் நீரை இன்னும் மிகுதியாகக் கொள்வன; உப்பும் அதற்கேற்ப மிகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பே உள்ளது என்பதை நினைத்தால், ஒரு கருநிறச் சாயத்தொட்டி கடலைவிட இருமடங்குக்கு மேல் உவர்ப்பானது என்பது விளங்கும்.

அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை இழையிடம் சேர்த்துவிட்டு அது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பிணைப்புக் கொள்ளாது மிஞ்சிய சாயமும் உடன் செல்கிறது. நாம் ஆற்றில் கண்ட நிறம் அந்த மிச்சமே. ஆயினும் இவ்விரண்டின் பின்வாழ்வு ஒன்றல்ல. சாயம் கரிமச் சேர்மம். எளிதில் சிதையாது எனினும் சிதைக்கக்கூடியது. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் இட்டு அதைக் கசடாகப் படியவைத்து நீரின் நிறத்தைப் போக்கிவிடலாம். சோடியத்தைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் இயலாது. அதை நீர்க்கச் செய்யலாம், இடம் மாற்றலாம், அவ்வளவே. தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்த வேலை பெரும்பாலும் நிறநீக்கமே. நிறம் போன நீர் தெளிந்து ஓடியது. அதில் கரைந்திருந்த உப்பு குறையவில்லை. நிறத்தைப் போக்க இட்ட வேதிப்பொருள்களால் அது சற்றுக் கூடியும் இருக்கும். நிறத்தையே மாசின் அளவுகோலாகக் கொண்ட ஓர் எழுத்து, இந்தத் தெளிந்த நீரின் முன் சொல்ல ஏதுமின்றி நின்றுவிடும்.

சாயங்களின் நச்சுத்தன்மையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. சில அசோ சாயங்கள் புற்றுநோய் விளைக்கக்கூடிய அமீன்களை வெளியிடுவதால் 1994இல் ஜெர்மனி அவற்றைத் தடைசெய்தது. இந்தியாவும் 1990களில் தடைவிதித்தது. ஆனால் அத்தடை வந்த திசையை நோக்க வேண்டும். அது உடுத்துபவரின் தோலைக் கருதிய விதி. தோலில் படும் பொருளை இறக்குமதியாளர் சோதிக்கிறார். உப்போ உடுத்துபவரைத் தொடுவதே இல்லை. துணியைச் சோதித்தால் அது அகப்படாது. அதைச் சுமப்பது துணியை வாங்காத ஒருவரின் கிணறு. ‘இயற்கைப் பருத்தி’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது பருத்தி விளைந்த முறையைச் சொல்லும். அப்பருத்திக்குச் சாயமேற்றிய முறையைத் தானாகச் சொல்லிவிடாது. செயற்கைச் சாயத்தை விட்டு இயற்கைச் சாயத்துக்குத் திரும்புதல் என்னும் தீர்வைச் சில கட்டுரைகள் இறுதிப் பத்தியில் முன்வைக்கின்றன. நாள்தோறும் டன் கணக்கில் துணி சாயமேறும் ஓர் ஊருக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று அவை சொல்வதில்லை. ஆதலின் அதனுள் இங்குப் புகவில்லை.

லிட்டரும் கிலோவும்

நீதிமன்ற ஆவணங்களையும் பனுவலாகக் கொண்டு வாசிக்கலாம். நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பூச்சியத் திரவ வெளியேற்றத்தை எய்தப் பட்டறைகளுக்குக் காலவரம்பு விதித்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 காசு, பின் 8, பின் 10 எனப் படிப்படியாக ஏறும் தொகையைச் செலுத்தவும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வலுப்பெற்ற ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்க’ என்னும் நெறி இங்கும் கைக்கொள்ளப்பட்டது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் செய்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பின்னர்ப் புதிய தொழில்நுட்பத்துடன் அவை படிப்படியாக இயங்கத் தொடங்கின.

இத்தீர்ப்புகளின் வரலாற்று முதன்மையில் ஐயமில்லை. இந்தியாவில் ஒரு தொழில் நகரம் முழுமையும் ஓர் ஆற்றின் பொருட்டு நிறுத்தப்பட்ட நிகழ்வுகள் மிகச் சில. எனினும் அவற்றின் அளவீட்டு மொழியை நோக்கினால் ஓர் இடைவெளி தெரிகிறது. தொகை லிட்டருக்கு விதிக்கப்படுகிறது. உப்போ கிலோவில் நிறுக்கப்படுவது. பட்டறையின் நீரில் பெரும்பகுதி அலசலுக்குச் செல்கிறது. உப்பில் பெரும்பகுதி சாயத்தொட்டியில் உள்ளது. அலசல் நீரைக் குறைத்தால் லிட்டர் குறையும், தொகையும் குறையும். உப்பு ஒரு கிராமும் குறையாது. கரைந்த திண்மம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்னும் வெளியேற்ற வரம்பிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு நிற்கிறது. அது செறிவைக் கட்டுப்படுத்துவது, சுமையைக் கட்டுப்படுத்துவதன்று. நல்ல நீரைக் கலந்தால் செறிவு தணியும். லிட்டருக்கு 5 கிராம் உப்புடைய கழிவுநீர் ஒரு கோடி லிட்டரில் 50 டன் உப்பு உண்டு. அதை இரண்டரை மடங்கு நீராகப் பெருக்கி வரம்புக்குள் கொணர்ந்தாலும் காவிரி நோக்கிச் செல்வது அதே 50 டன்தான்.

பூச்சியத் திரவ வெளியேற்றம் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ. சவ்வு, அதில் ஒதுங்கிய அடர் உவர்நீரை ஆவியாக்கும் எவாப்ரேட்டர், படிகமாக்கல் என அது படிப்படியாக நீரை மீட்கிறது. நீரின் பெரும்பகுதி மீண்டும் பட்டறைக்குச் செல்கிறது. உப்பின் ஒரு பகுதியும் சாயமேற்றத் திரும்பப் பயன்படுகிறது. இது சிறிய அடைவன்று. நிலத்தடி நீரை லாரியில் வாங்கிச் சாயமேற்றிய ஓர் ஊர் தன் கழிவையே நீராகக் கொள்ளக் கற்றது என்பதைத் தமிழ்ச் சூழலியல் எழுத்து போதிய அளவு ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. புலம்பலுக்குப் பழகிய நடைக்கு அடைவைச் சொல்லும் சொற்கள் எளிதில் வாய்ப்பதில்லை போலும்.

ஆனால் ‘பூச்சியம்’ எதன் பூச்சியம் என்று கேட்கவேண்டியுள்ளது. தொடர் தெளிவாகவே சொல்கிறது: திரவத்தின் பூச்சியம். திண்மமும் வளியும் அக்கணக்கில் இல்லை. உவர்நீரை ஆவியாக்க மின்சாரமும் நீராவியும் வேண்டும். நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரியவேண்டும். நீர் முழுதும் நீங்கிய பின் எஞ்சும் குளோரைடும் சல்பேட்டும் கலந்த கலவை உப்பு, தூய்மையற்றதாதலின் சாயத்தொட்டிக்கு மீளாமல் மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. நாளேடுகள் இத்தொடரை ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ எனச் சுருக்கும்போது ‘திரவம்’ என்னும் வரையறைச் சொல் உதிர்ந்துவிடுகிறது. எதுவுமே வெளியேறவில்லை என்னும் பொருள் அவ்விடத்தில் வந்து அமர்கிறது. ஒரு பெயரடையின் இழப்பு இவ்வளவு செய்கிறது. சொல்லாய்வில் பயின்ற நம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இது. 2011இல் பட்டறைகள் மூடியபோது துணி வேறூர்களுக்குச் சாயமேறச் சென்றதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். ஓரிடத்துப் பூச்சியம் மற்றோரிடத்தில் எண்ணாகிவிடுகிறது.

பாலையா, களரா?

இனித் திணைவழி வாசிப்புக்கு வருவோம். நொய்யல் பற்றிய திறனாய்வுக் கட்டுரைகளில் ‘மருதம் பாலையாகத் திரிந்தது’ என்னும் வாய்பாடு மிகப் பரவலானது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இதற்கு அடிப்படையாகிறது. பழைய இலக்கணத்தை இன்றைய சிக்கலோடு இணைக்கும் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆயின் வாய்பாடு இரண்டிடங்களில் பொருந்தவில்லை.

முதலாவது, கொங்கின் இப்பகுதியைத் தடையின்றி மருதம் எனல் அரிது. நொய்யல் ஆண்டு முழுதும் பெருகியோடிய ஆறன்று. அணைக்கட்டுகளாலும் குளங்களாலும் மழைநீரைத் தேக்கிக் கிணறுகளை ஊறவைத்த ஆறு. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகள் மேய்ச்சல் நிலங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் காங்கேயம் மாடும் அங்கே வாழ்வன. முல்லைக்கு நெருங்கிய இந்நிலத்தை மருதமாக்கிக் காட்டினால் இழப்பு பெரிதாகத் தோன்றலாம். உண்மையில் இழந்தது எது என்பது மங்கிவிடும். இங்கே இழந்தது வயலில் பாயும் ஆற்றுநீர் மட்டுமன்று, கிணற்றுநீரும் மண்ணும் ஆகும்.

இரண்டாவது இன்னும் அடிப்படையானது. பாலை மழையின்மையால் வருவது. மழை பெய்தால் பழைய நிலம் மீளும். திரிதல் என்னும் சொல்லிலேயே மீளும் வாய்ப்பு உண்டு. உப்பேறிய மண்ணின் இயக்கம் வேறு. சோடியம் மண்ணின் களித்துகள்களிலிருந்து சுண்ணத்தைப் பெயர்த்துவிட்டுத் தான் அமர்கிறது. அதன்பின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நில்லாமல் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. அம்மண்ணில் மழை பெய்தால் நல்ல நீர் துகள்களை மேலும் பிரித்து, மேற்பரப்பில் இறுகிய ஓடு படியச் செய்கிறது, நீர் உள்ளிறங்காது. மழை வந்தும் மீளாத நிலத்துக்குப் பாலை என்னும் பெயர் பொருந்தாது.

அதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. வேளாண் துறையினர் உவர்நிலம், களர்நிலம் என இரண்டாகப் பிரித்து வழங்குகின்றனர். கரையும் உப்பு மிக்கது உவர். மாற்றுச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மிக்கு, அமிலகார நிலை 8.5ஐக் கடந்தது களர். முன்னதை நல்ல நீரால் கழுவி மீட்கலாம். பின்னதற்கு ஜிப்சமும் பசுந்தாளுரமும் வேண்டும். கழுவுவதற்கான நல்ல நீரே இல்லாத இடத்தில் முன்னதும் எளிதன்று. திருவள்ளுவர் கல்லாதவரைப் பயன் தராத களருக்கு ஒப்பிட்டார். நிலவகைகளைப் பகுத்தறிந்த இம்மொழியில் ‘களர்’ கையெட்டும் தூரத்தில் இருக்க, திறனாய்வு பாலையை நாடிச் செல்வானேன்? பாலைக்குப் பிரிவின் அழகுண்டு, பாடல் மரபுண்டு. களருக்கு அவையில்லை என்பதன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பாடல் மரபு முற்றிலும் இல்லை எனவும் இயலாது. புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார் ஒரு வீரனின் வெள்ளாடையைச் சொல்லும்போது, களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் புலைத்தி நாள்தோறும் துவைத்த ஆடை அது என்கிறார். களர்மண்ணின் காரம் அழுக்கை நீக்கும் என்னும் தொழிலறிவு அதில் பொதிந்துள்ளது. விளைச்சலுக்கு உதவாத மண்ணும், ஊரின் விளிம்பில் நிறுத்தப்பட்ட பெண்ணும் சேர்ந்து ஒருவனுடைய ஆடையை வெண்மையாக்குகின்றனர். அங்கே நிலத்தின் உப்பு துணிக்குச் சென்றது. நொய்யல் கரையில் துணியின் உப்பு நிலத்துக்குச் சென்றது. திசை மாறியுள்ளது, துணியின் பொலிவுக்கான விலையை விளிம்பில் இருப்பவர் தரும் முறை மாறவில்லை. ‘மருதம் பாலையாயிற்று’ என்னும் தொடர் இவ்விரண்டில் எதையும் காட்டவல்லதன்று. களரை நடுவில் வைத்து வாசித்தால் நிலம், தொழில், சாதி, வணிகம் ஆகியவை ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

புறநானூற்றின் 18ஆம் பாடலையும் இங்கு நினைக்கலாம். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீரைத் தேக்கி வைக்குமாறு வேண்டுகிறார். நீரும் நிலமும் கூட்டியவர் உயிரையும் உடலையும் படைத்தவராவர் என்கிறார். அரசிடம் நீர்நிலை வேண்டும் மரபின் தொன்மையான குரல்களுள் அது ஒன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை எழுந்ததும் அம்மரபின் வழியதே. சில ஆண்டுகளில் அதில் தேங்கியது சாயக்கழிவு. தங்கள் வயலுக்கென்று கட்டிய அணையில் அக்கழிவு தேங்குவதற்கு எதிராக உழவர்களே நீதிமன்றம் சென்றனர். அணையும் நீரைத் தேக்காமல் திறந்துவிடப்படும் நிலைக்கு வந்தது. தேக்குக என வேண்டிய புலவனுக்கும் தேங்கியதை அகற்றுக என வேண்டிய ஆயக்கட்டுக்காரருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன. அம்மனுக்களில் உழவர் தம் இழப்பைச் சொல்ல எச்சொற்களைக் கையாண்டனர், வழக்குரைஞரின் ஆங்கிலத்துக்குச் செல்லுமுன் உவர், களர், சப்பைநீர் என்பன அவர்கள் வாயில் என்ன பொருள் வேறுபாட்டோடு வழங்கின என்பதை ஆயக்கட்டு ஊர்களில் கேட்டுப் பதிவுசெய்வதே என் ஆய்வேட்டின் அடுத்த இயலாக அமைகிறது.